ஏழாண்டுப் பயிற்சியும் ஏழாண்டுக் காத்திருப்பும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சிலப்பதிகாரத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுப்பேன் என்று நினைத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக அப்படித்தான் கொடுத்து வருகிறேன். இந்த முறையும் சிலம்பில்தான் தொடங்குகிறேன். ஆனால் போய்ச் சேருகிற இடம் லண்டன். பேசப்போவது ஒரு பாப் பாடகியின் முதல் ஆல்பத்தைப் பற்றி. "இந்த வயசுல இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கக்கூடிய அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

இந்த ஆல்பத்தை எனக்குக் கொடுத்தவள் என் மகள். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள். "அப்பா, முதல்ல பாட்டைக் கேளுங்க. கதையை அப்புறம் படிங்க. கதை தெரிஞ்சுட்டா பாவம் பாத்துடுவீங்க." விமரிசனம் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறி, காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். தாதர் வருவதற்குள் ஆல்பம் முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். திரும்பி வரும்போது இன்னொரு தடவை கேட்டேன். அதன் பிறகுதான் கதையைப் படித்தேன். படித்த அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மாதவி. இன்னொருத்தி என் அக்கா. அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரங்கேற்று காதை சொல்வது

மாதவி ஐந்தாம் வயதில் கற்கத் தொடங்கினாள். ஏழாண்டு கற்றாள். பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னால் அரங்கேறினாள். இளங்கோவடிகள் இதை மிகுந்த கணக்கோடு சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். திரைகள்கூட மூன்று வகை. இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பெண் வலக்கால் முன்வைத்து ஏறுகிறாள்.

இதை மேற்கோள் காட்டி, "நம் மரபில் கலை புனிதம், அவர்களிடம் கலை வியாபாரம்" என்று முடிப்பது எளிது. அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. ஏனென்றால் அதே காதையின் முடிவில் என்ன நடக்கிறது? அரசன் தலைக்கோல் பட்டத்தோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியும் தருகிறான். அந்த விலைக்குரிய மாலையைக் கூனி ஒருத்தி எடுத்துக்கொண்டு, நகரத்துச் செல்வர்கள் திரியும் தெருவில் போய் நிற்கிறாள். மாலையை வாங்குகிறவனே மாதவிக்குரியவன். கோவலன் வாங்குகிறான். பிறகு நடந்தது உலகம் அறிந்தது. திறமைக்கு விலைச்சீட்டுத் தொங்கவிடுவது மேல்நாட்டு ரெக்கார்டு கம்பெனி கண்டுபிடித்ததல்ல. நம் காப்பியத்திலேயே, அரங்கேற்றம் முடிந்த கையோடு, அது நடந்திருக்கிறது.

ஆகவே வியாபாரம் இருந்ததா இல்லையா என்பது என் கேள்வியல்ல. வேறொன்றை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். மாதவியின் ஏழாண்டு, கற்கும் ஏழாண்டு. அதற்குப் பாடம் உண்டு, ஆசிரியர் உண்டு, முடியும் நாள் உண்டு. பயிற்சிக்கும் காத்திருப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பயிற்சி ஆளை வளர்க்கும். காத்திருப்பு சும்மா உட்கார்த்தி வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

ரே என்ற பெண்

இனி லண்டன். பாடகியின் மேடைப்பெயர் ரே. முழுப்பெயர் ரேச்சல் அகதா கீன். 1997-இல் பிறந்தவர். தென் லண்டனின் டூட்டிங் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை யார்க்‌ஷயர்க்காரர், தாய் வழியில் கானாவும் சுவிட்சர்லாந்தும் கலந்த குடும்பம். கலைப்பயிற்சிக்குப் பேர்போன பிரிட் பள்ளியில் படித்து, முடிக்காமலே வெளியேறியவர். 2014-இல், பள்ளிக்கூட வயதிலேயே, பாலிடோர் நிறுவனத்தோடு நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

நான்கு ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், ஏழு ஆண்டுகளில் ஒன்றைக்கூட வெளியிடவில்லை. ஏன் வெளியிடவில்லை என்று கேட்டால், பாட்டு இல்லாமல் இல்லை. இடையிடையே நாலைந்து பாட்டுகள் கொண்ட சிறு தொகுப்புகள் வந்தன. நடன இசைக்காரர்களின் பாட்டுகளில் அவர் குரல் ஒலித்தது. ஜாக்ஸ் ஜோன்ஸுடன் 2016-இன் இறுதியில் வெளியிட்ட பாட்டும், 2021-இல் ஜோயல் கோரி, டேவிட் கெட்டா ஆகியோருடன் பாடிய பாட்டும் பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போயின. மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். பியான்சே 2019-இல் வெளியிட்ட 'பிக்கர்' பாட்டை எழுதியவர்களில் இவரும் ஒருவர். ஊரெல்லாம் இவர் குரலைக் கேட்டிருக்கிறது. ஆனால் இவர் யார் என்று ஊருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் சமையல்காரர் மாதிரி. சாப்பாடு பிரமாதம் என்பார்கள். சமைத்தவர் பெயரைக் கேட்கமாட்டார்கள்.

2021 ஜூன் மாத இறுதியில் அவர் பொறுமை இழந்தார். ட்விட்டரில் வெளிப்படையாக எழுதினார். 2014 முதல் நான்கு ஆல்பம் ஒப்பந்தத்தில் இருக்கிறேன், ஒன்று போடவும் அனுமதியில்லை என்பது சாரம். எழுதிய பாட்டுகள் கோப்புகளில் தூசி படிந்து கிடக்கின்றன என்றார். தனக்கு ஒரு ஆல்பம் வெளியிடும் தகுதி இருக்கிறது என்று யாராவது உறுதி சொல்ல இன்னும் காத்திருப்பதாகவும் எழுதினார். அவர் எழுதியதைப் படித்து வருத்தமடைந்ததாகவும், முழு ஆதரவு தரத் தயாராக இருப்பதாகவும் நிறுவனம் தெரிவித்தது. அடுத்த மாதமே இருவரும் பிரிந்தார்கள்.

பிறகு 19 மாதம். 2023 பிப்ரவரி 3-ஆம் தேதி, சொந்தப் பொறுப்பில், அந்த முதல் ஆல்பம் வெளிவந்தது: 'மை ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ப்ளூஸ்'. கறுப்பின மக்களின் துயரத்தைச் சொல்லப் பிறந்த ப்ளூஸ் வடிவத்தை, என் நூற்றாண்டின் துயரம் இது என்று தலைப்பிலேயே தனக்கு உரிமையாக்கிக்கொள்கிறார். பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம். அதற்கு முந்தின மாதமே 'எஸ்கேப்பிசம்' பாட்டு முதலிடத்தைப் பிடித்திருந்தது. 2024 மார்ச் 2-ஆம் தேதி பிரிட் விருது விழாவில் ஆறு விருதுகள். ஒரே ஆண்டில் ஒரே கலைஞர் அத்தனை பெற்றது அதுவே முதல் தடவை. தன் பாட்டியையும் மேடைக்கு அழைத்து வந்து அழுதார்.

கம்பெனியின் கணக்கு

இந்தக் கதையில் நிறுவனத்தை வில்லனாக்கிவிட்டால் கதை சுவைக்கும்; ஆனால் ஒன்றும் விளங்காது. அதன் கணக்கையும் பார்ப்போம்.

பொதுவாக ரெக்கார்டு கம்பெனி பாடகருக்கு முன்பணம் கொடுக்கும். முன்பணத்தையும் பதிவுச் செலவையும் பாட்டு சம்பாதித்ததில் பாடகரின் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். அது தீரும் வரை பாடகர் கைக்கு உரிமைத்தொகை வராது. ஒப்பந்தம் இருக்கும் வரை வேறிடம் போகவும் முடியாது. எதை எப்போது வெளியிடுவது என்பதில் பணம் போட்டவர் கையே ஓங்கியிருக்கும். ஆல்பம் என்பது செலவு. சிங்கிள் என்று சொல்லும் ஒற்றைப் பாட்டு செலவு குறைந்த சோதனை. இணையத்தில் பாட்டுப் பாட்டாகக் கேட்கும் காலம் வந்தபின் சோதனையே தொழிலாகிவிட்டது. ஒன்று ஓடினால் அதே மாதிரி இன்னொன்று போடு, ஓடாவிட்டால் பொறு. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஏழு வருஷத்து நியாயங்களைக் கூட்டினால்தான் அநியாயம் தெரியும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு பெண்ணின் குரல் நடனப் பாட்டில் ஓடுகிறது என்று தரவு சொன்னால், அவள் நடனப் பாட்டுக்காரி என்று முடிவாகிவிடுகிறது. அவளுக்கு வேறென்ன வரும் என்று பார்க்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் வேறெதுவும் வெளியே வரவில்லை. வெளியிட்டால்தானே ஓடுமா என்று தெரியும்? ஓடும் என்று தெரிந்தால்தானே வெளியிடுவார்கள்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பார்களே, அந்தக் கதை.

சுதந்திரம் என்ற சொல்லையும் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். ரே சொந்தமாக வெளியிட்டார் என்றாலும், விநியோகித்தது ஹ்யூமன் ரீ சோர்சஸ் என்ற நிறுவனம். அது சோனி குழுமத்துக்குள் இருப்பது. ஆக, சந்தையை விட்டு அவர் வெளியேறவில்லை. சந்தைக்குள் தன் கடையைத் தானே திறக்கும் சாவியை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயமில்லை என்பதை ஆல்பத்தின் உள்ளே போனால் காணலாம்.

பாட்டுகள்

மொத்தம் 15 தடங்கள். ஒவ்வொன்றின் தலைப்புக்குப் பின்னாலும் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார். அச்சில் பார்த்தால் ஒரு கண்டிப்பு தெரிகிறது: சொல்லிவிட்டேன், இனி இதில் திருத்தமில்லை. அட்டைப்படத்தில், ஒலிப்பதிவுக் கருவிகளைக் குவித்து வைத்த மேட்டின்மேல் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். எந்த வயதில் இது நடந்திருக்க வேண்டும் என்று கேட்காமல் கேட்கிற படம்.

முதல் தடம் பாட்டே அல்ல. ஒரு கிளப் மேடை, அறிவிப்பு, கைத்தட்டல்: இதோ ரே வருகிறார். கடைசித் தடமும் பாட்டல்ல. கேட்டவர்களுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நன்றி. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். அறிமுகம், உருப்படிகள், மங்களம். பாட்டுப் பாட்டாகத் துண்டுபோட்டு விற்கும் சந்தையில், "நான் கொடுப்பது துண்டு அல்ல, ஒரு முழுக் கச்சேரி" என்று வாசலிலேயே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. ஏழு வருஷம் மறுக்கப்பட்டது ஆல்பம் என்ற வடிவம்தான். ஆகவே வடிவத்தை அவர் முதலில் மீட்கிறார்.

இரண்டாவதாக வரும் 'ஆஸ்கர் வின்னிங் டியர்ஸ்' ஓர் ஆண் அழுது நடிப்பதைப் பற்றியது. இங்கே நடிகர் அவன், பார்வையாளர் இவர். இசை திரைப்படப் பின்னணி போல வீங்கி எழுகிறது. அந்த வீக்கமே கிண்டல். அழுகைக்கு இவ்வளவு வாத்தியமா என்று நம்மைக் கேட்க வைத்துவிட்டு, முடிவில் தன் குரலை மேலே ஏற்றி, உண்மையான வலி எப்படி ஒலிக்கும் என்று காட்டிவிடுகிறார்.

'ஹார்ட் அவுட் ஹியர்' பாட்டில்தான் தொழில்மீதுள்ள கோபம் நேராக வருகிறது. கோபப் பாட்டுகள் பெரும்பாலும் கத்தும். இது பேசுகிறது. வேகமாக, சொல்லுக்குச் சொல் அடியெடுத்து, மூச்சு வாங்காமல். வாய்மூடி இருந்தவர் பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும்? எங்கே மறுபடி நிறுத்திவிடுவார்களோ என்ற அவசரம் இருக்கும். அந்த அவசரம் பாட்டின் லயத்திலேயே இருக்கிறது.

'எஸ்கேப்பிசம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காதல் முறிந்த ஒருத்தி ஓர் இரவு முழுக்கக் குடித்து, ஆடி, யாரோடோ போய், தன்னை மறக்கப் பார்க்கும் பாட்டு. நம் வீடுகளில் சத்தமாக வைத்துக் கேட்கக்கூடியதல்ல, உண்மை. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். நாலரை நிமிடப் பாட்டு. நடனப் பாட்டுக்குரிய வழக்கமான ஏற்றம் இறக்கம் கிடையாது. பேச்சும் பாட்டுமாக மாறி மாறி, ஓர் இரவின் தள்ளாட்டத்தைப் போலவே நகர்கிறது. கொண்டாட்டம் போலத் தொடங்கி, போகப்போகக் களைப்பு வெளியே தெரிகிறது. இந்தப் பாட்டு பரவியது டிக்டாக்கில், அதுவும் வேகம் கூட்டப்பட்ட வடிவில். அதாவது பலர் முதலில் கேட்டதே தவறான காலப்பிரமாணத்தில். அப்படிக் கேட்டால் கொண்டாட்டம் மட்டும்தான் காதில் விழும். அவர் பாடிய வேகத்தில் கேட்டால்தான் அந்தப் பெண் தப்பித்துப் போகவில்லை, ஓடி ஓடி அதே இடத்துக்கு வருகிறாள் என்பது புரியும்.

ஆல்பத்தின் நடுநாயகம் என்று நான் கருதுவது 'ஐஸ்க்ரீம் மேன்'. பாலியல் வன்முறையைப் பற்றிய பாட்டு. அதில் ஓர் இசைத் தயாரிப்பாளரால் தமக்கு நேர்ந்ததையும் சொல்கிறார். இங்கே வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அதுவரை எத்தனையோ வித்தை காட்டிய குரல், இங்கே ஒரு வித்தையும் காட்டவில்லை. சங்கதி போட இடமிருந்தும் போடாமல் விடுவது பெரிய பாடகர்களுக்கே கைகூடும் அடக்கம். லோக்கலில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா, அங்கிள்?" என்று கேட்டார். இந்தப் பாட்டுக்குத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி தன் கலைஞரை ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அனுப்பி, ஓடக்கூடிய ஒரு பாட்டைக் கொண்டுவா என்கிறபோது, கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் யாரோடு இருக்கிறாள் என்பதை யார் பார்க்கிறார்கள்? தாமதத்துக்கும் பாதுகாப்பின்மைக்கும் உள்ள உறவு கட்டுரைகளில் வருவதில்லை. இந்தப் பாட்டில் வந்திருக்கிறது.

குறைகள்

பாவம் பார்க்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே குறைகளையும் சொல்கிறேன்.

முதலாவது, நெரிசல். காதல் துரோகம், போதைப்பழக்கம், வன்முறை, உடல் பற்றிய வெறுப்பு, பூமி சூடாவது வரை எல்லாம் ஒரே ஆல்பத்தில். பத்தாவது, பதினொன்றாவது தடங்கள் வரும்போது ஒரு டாக்டரின் குறிப்பேட்டைப் புரட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. தனித்தனியாக அவை மோசமான பாட்டுகளல்ல. 'என்விரான்மென்ட்டல் ஆங்சைட்டி' என்ற பாட்டை ஓர் இரண்டாம் ஆல்பத்தில் வைத்திருந்தால் மூச்சுவிட்டிருக்கும். ஆனால் இரண்டாவது ஒன்று வருமா என்று தெரியாதவர் எதையும் மிச்சம் வைக்கமாட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை வந்த நாளில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடிய தலைமுறை நாம்; நமக்கு இது புரியும்.

இரண்டாவது, நடைகளின் முட்டல் மோதல். ஜாஸ், ஹிப்ஹாப், நடன இசை, பழைய ஸோல், ப்ளூஸ், கிறித்தவ தேவாலயப் பாட்டு எல்லாம் வருகின்றன. மைக் சபத் என்ற தயாரிப்பாளர் பெரும்பகுதியை ஒரு நூலில் கோத்திருக்கிறார். அப்படியும் சில இடங்களில் முடிச்சுத் தெரிகிறது. கோப்பில் கிடந்த பழைய பாட்டுகளும் வெளியேறிய பின் எழுதியவையும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், இருபது வயதுக் குரலும் இருபத்தைந்து வயதுக் குரலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் குறைகள் எங்கிருந்து வந்தன? திறமைக் குறைவிலிருந்து அல்ல, தாமதத்திலிருந்து. ஒழுங்காக நடந்திருந்தால் 2016-இல் ஒன்று, 2018-இல் ஒன்று, 2020-இல் ஒன்று என்று வந்திருக்கக்கூடியவை எல்லாம் ஒரே பெட்டியில் திணிக்கப்பட்டு வந்திருக்கின்றன. 2023 செப்டம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு வாத்தியக் குழுவோடும் பாடற்குழுவோடும் இதே பாட்டுகளைப் பாடினார், பதிவு கிடைக்கிறது. அங்கே அவசரம் போய்விட்டது. இடமும் நேரமும் கிடைத்தால் இந்தப் பாட்டுகள் எப்படி விரியும் என்று அதைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு தாமதம்

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு பெண்ணையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் பாடகி நார்மனி. 2012-இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஐந்து பெண்களைச் சேர்த்து உருவாக்கிய ஃபிஃப்த் ஹார்மனி குழுவில் ஒருவர். குழு 2018-இல் ஓய்வு அறிவித்தது. 2019-இல் 'மோட்டிவேஷன்' என்ற தனிப்பாட்டு வந்ததும், இதோ அடுத்த பெரிய நட்சத்திரம் என்றார்கள். தனி ஆல்பம் வந்தது 2024 ஜூன் 14-ஆம் தேதி. பெயர் 'டோபமின்'. இடையில் தாய்க்கும் தந்தைக்கும் அடுத்தடுத்துப் புற்றுநோய். ரசிகர்களோ ஆல்பம் எங்கே, ஆல்பம் எங்கே என்று கேட்டுக் கேட்டு அதையே ஒரு வேடிக்கையாக்கிவிட்டார்கள். கடைசியில் ஆல்பத்தை அறிவிக்கும்போது, அந்தக் கேள்வியையே முகவரியாக வைத்து ஓர் இணையதளம் திறந்தார்கள். வந்தபோது அமெரிக்கத் தரவரிசையில் 91-ஆம் இடம்.

'டோபமின்' நிதானமான, நன்றாகச் செதுக்கிய ஆல்பம். குரலை ஓங்கவிடாமல், தாளத்தின்மேல் மெதுவாகச் சாய்ந்து பாடும் பாட்டுகள். ஆனால் ஊர் பாட்டைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்துக்கு இது தகுமா என்று எடைபோட்டது. காத்திருந்த காலத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் எந்தப் பாட்டும் மறுதட்டில் நிற்காது. ரேயின் தாமதத்துக்கு நெருக்கமான ஒரு காரணம் இருந்தது. கதையாகச் சொல்ல முடிந்தது. கதை பாட்டுக்குக் கைகொடுத்தது. நார்மனியின் தாமதத்தில் நோய், துக்கம், தொழில், தயக்கம் எல்லாம் கலந்திருந்தன, கதையாகச் சுருங்கவில்லை. நாம் பாட்டைக் கேட்கிறோமா, கதையைக் கேட்கிறோமா என்று என் மகள் கேட்டாளே, அதற்கு இந்த இரண்டு ஆல்பங்களின் கதியே விடை.

பொறுத்தார் பூமி ஆள்வாரா?

பிரிட் விருதுகளுக்குப் பிறகு ரேயைப் பற்றி எழுதிய பலரும், காத்திருந்தது வீண்போகவில்லை என்ற தொனியில் முடித்தார்கள். நம்மிடமும் பழமொழி தயாராக இருக்கிறது: பொறுத்தார் பூமி ஆள்வார். இந்தக் கட்டுரை அதை மறுக்கவே எழுதப்பட்டது. ரே வென்றது பொறுத்ததால் அல்ல. ஒருநாள் பொறுக்க மறுத்ததால். ஆல்பத்தில் சிறந்திருப்பதெல்லாம், வரிசையும் வடிவமும் அவர் கைக்கு வந்ததால் சிறந்தவை. பழுதானவை காத்திருப்பின் தழும்புகள். துன்பம் கலையை வளர்க்கும் என்பது துன்பம் கொடுப்பவர்களுக்கு மிகவும் வசதியான தத்துவம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அக்கா.

மாட்டுங்காவில் நாங்கள் வளர்ந்த காலத்தில் அக்கா ஒரு வாத்தியாரம்மாவிடம் வாய்ப்பாட்டுக் கற்றாள். ஒன்பது வருஷம். அவளுக்குப் பின்னால் வந்த பெண்களெல்லாம் மேடையேறினார்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அப்பா போய்க் கேட்பார். "இன்னும் சுருதி நிக்கலை, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்பதே பதில். பிறகு கல்யாணம், குழந்தைகள். அக்கா பாடுவதை விட்டுவிட்டாள். தொட்டில் பாட்டுக்கூட மெதுவாக, யாருக்கும் கேட்காதபடிதான் பாடுவாள். நாற்பது வருஷம் கழித்துத்தான் உண்மை தெரியவந்தது. சுருதி காரணமே இல்லை. ஹால் வாடகைக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் எங்கள் வீட்டில் பணம் புரளாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல மனம் வராமல், பழியைச் சுருதிமேல் போட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் அக்கா ஏழையாக மட்டும் இருந்திருப்பாள். சுருதி இல்லை என்று சொன்னதால் ஊமையானாள்.

தகுதி உண்டு என்று யாராவது சொல்லக் காத்திருக்கிறேன் என ரே எழுதியதைப் படித்தபோது எனக்கு ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். விற்காது என்று நினைப்பவர்கள் விற்காது என்று சொன்னால் போதும். "நீ இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லும்போது, வியாபாரக் கணக்கு ஒரு பெண்ணின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. நம் சங்க மேடையில் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இடமில்லை என்றால் இடமில்லை என்றே சொல்லிவிடுங்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். ஆங்கிலப் பாட்டு அவளுக்குப் புரியாது. கதையும் நான் சொல்லவில்லை. இப்படி ஒரு பெண், ஏழு வருஷம் நிறுத்தி வைத்தார்கள் என்று மட்டும் சொல்லி, 'ஐஸ்க்ரீம் மேன்' பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கடைசி வரை கேட்டாள்.

"சுருதி சுத்தமா நிக்கறதேடா. அப்புறம் என்னத்துக்கு நிறுத்தி வச்சாங்க?"

இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.